துரைக்கு மாத்திரை

ஜீவகாருண்யம் எங்கே பிறந்தது என்று பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம். வீண் வேலை. அது கெலமங்கலத்துக்குப் பக்கத்தில், பண்ணையார் சென்னகிருஷ்ணனின் மாடி வீட்டில்தான் பிறந்தது. அங்கேயே வளர்ந்தது, வெளியே காலெடுத்து வைக்காமல் அங்கேயே குடியும் இருந்தது. ஊர் "ஜீவகாருண்ய சங்க"த்துக்கு அவர்தான் தலைவர். காரியதரிசி அவருடைய மச்சினர் திம்மப்பன். வீட்டார் அத்தனை பேரும் உறுப்பினர்கள்.

அந்த வீட்டு நாய்க்குத் துரை என்று பெயர். பெங்களூர் ராணுவத் தண்டில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கப்பலேறும்போது விட்டுப்போனது. வெள்ளைக்காரர் போய் வருஷக்கணக்காகியும், "துரை எழுந்தாச்சா? துரை பால் குடிச்சாரா?" என்றுதான் வீட்டில் விசாரிப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட துரைக்கு மார்ச்சளியும் காய்ச்சலும் கண்டுவிட்டது. பெங்களூரிலிருந்து கார் வைத்து டாக்டரை வரவழைத்தார்கள். அவர் குழாய் வைத்துப் பார்த்து, ஒரு சீசா நிறைய வெள்ளை மாத்திரை கொடுத்தார்.

"ஏனூ பயமில்ல, ஒண்ணும் ஆகாது. மனுசங்களுக்கு மார்ச்சளி வந்தாலும் இதே மாத்திரைதான். ஆனா விடாம உள்ள போகணும்."

உள்ளே போனால்தானே! கறித்துண்டில் பொதிந்து வைத்தால், துரை கறியை மென்று மாத்திரையைத் துப்பியது. வெண்ணெயில் உருட்டினால், வெண்ணெயை நக்கிவிட்டு மாத்திரையைப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தது. பண்ணையார் மனைவி சரோஜம்மாள் அழுதே விட்டாள். சங்கம் அவசரமாகக் கூடியது.

"மெல்றதாலதானே மாமா கண்டுபிடிச்சுடுது? மெல்லாம முழுங்கக் கத்துக்குடுத்துட்டா?" என்றார் காரியதரிசி.

"அதை யாருடா கத்துக்குடுப்பாங்க?"

"நம்ம எல்லப்பன் இருக்கானே! களி உருண்டையைப் பல்லுல படாம உள்ள தள்ளுவான். பாத்துக்கிட்டே இருக்கலாம்."

ராகிக் களியை மென்று தின்பது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள்கூடச் செய்யாத காரியம். அதிலும் தோட்டத்து ஆள் எல்லப்பன் கைதேர்ந்தவன். அப்பன் காலத்திலிருந்து பின்வாசலைத் தாண்டாத அவன், அன்று "ஆசிரியர்" பதவி பெற்று நடுக்கூடம் வரை உயர்ந்தான்.

"சாமி, எம்பொண்ணு ஜோதிக்கும்..." என்று இழுத்தான்.

"உம்பொண்ணு கதையெல்லாம் அப்பறம். மொதல்ல துரைக்கு எதிர்ல உக்காரு. அட, மெத்தையில இல்லடா, தரையில!"

நாய்க்கு மோப்பம் உண்டு, அதை ஏமாற்றுவது ஜீவகாருண்யத்துக்கு அடுக்காது என்று, ஆசிரியரின் உருண்டையிலும் ஒரு மாத்திரை வைக்கச் சொன்னார் தலைவர். எல்லப்பன் வாயில் போட்டான். களி தொண்டையில் இறங்கியது. மாத்திரையை மட்டும் நாக்கால் துழாவிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். அவன் மகளும் அதே மார்ச்சளியோடு குடிசையில் கிடந்தாள். டாக்டர் சொன்னது ஜன்னலுக்கு வெளியே நின்ற அவன் காதிலும் விழுந்திருந்தது.

துரை அவன் வாயையே வைத்த கண் வாங்காமல் பார்த்தது. பிறகு தன் உருண்டையை மெல்லாமல் விழுங்கியது.

"முழுங்கிட்டாரு! முழுங்கிட்டாரு!" என்று சரோஜம்மாள் கைதட்டினாள்.

பாடம் தினமும் நடந்தது. எல்லப்பன் கன்னத்தில் கொண்டுபோன மாத்திரையை, அவன் பெண்சாதி நஞ்சம்மா வெந்நீரில் கரைத்து மகளுக்குக் கொடுத்தாள். ஜோதிக்குக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. துரைக்கோ ஏறிக்கொண்டே போனது. டாக்டர் படித்த படிப்பையே வீட்டார் சந்தேகித்தார்கள். ஒரு காலையில், பாடம் முடிந்த கையோடு, சரோஜம்மாள் துரையின் மெத்தையை உதறினாள். மாத்திரைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. துரை பாடத்தை ஒன்றுவிடாமல் கற்றிருந்தது.

"யாரைப் பாத்துடா கத்துக்கிச்சு? தொறடா வாய!" என்று பண்ணையார் எல்லப்பன் பக்கம் திரும்பினார்.

எல்லப்பன் வாயைத் திறந்தான். அன்றைய மாத்திரை கன்னத்தில் இருந்தது.

"தப்புதான் சாமி. புள்ளைக்கு நெஞ்சு இழுத்துக்கிச்சு. பெத்த மனசு கேக்கல. இப்பத்தான் கண்ணு தொறக்குது. இன்னும் கொஞ்சம் மாத்திரை குடுத்தீங்கன்னா பொழச்சுக்கும்."

பண்ணையார் முகம் மாறியது. "அடப்பாவி! இதை முன்னாலயே சொல்லக்கூடாதாடா?"

எல்லப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டான்.

"சொல்லியிருந்தா உன்னை உள்ளயே விட்டிருக்க மாட்டேனே! உம்பொண்ணு சளியைச் சுமந்துட்டு வந்து துரைக்கு இன்னும் ஏத்திவிட்டுட்டியேடா!"

மறுபடி கார் போயிற்று. டாக்டர் வந்து துரைக்கு ஊசி போட்டார். மிச்ச மாத்திரை, துரைக்குச் சளி திரும்ப வந்தால் வேண்டுமே என்று பீரோவுக்குள் போயிற்று. எல்லப்பனுக்குப் பதவி பறிபோயிற்று.

"அந்த எச்சில் மாத்திரையெல்லாம் கூட்டிக் குப்பையில கொட்டிட்டுப் போ. இனிமே பின்வாசல் தாண்டுன, காலை ஒடிச்சுடுவேன்!"

எல்லப்பன் ஒன்று மிச்சமில்லாமல் கூட்டினான். குப்பைக்குப் போகும் வழியில் எல்லாவற்றையும் துண்டில் முடிந்துகொண்டான்.

துரை பிழைத்தது. ஜோதியும் எழுந்து உட்கார்ந்து களி கேட்டாள். சங்கத்தின் ஆண்டு விழாவில், ஓர் உயிரைக் காத்த உத்தமர் என்று தலைவருக்கு ஆளுயர மாலை போட்டார்கள். பின்வாசலில் நின்று எல்லப்பனும் கைதட்டினான்.

அந்த வீட்டில் அவன் மகளுக்கு மாத்திரை விட்டுக்கொடுத்த ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது மட்டும் சங்கத்தில் உறுப்பினர் இல்லை.