பெட்டிக்குள் வைத்த ஹீட்டர்

வில்லாபுரம், மதுரை.

அன்பு மகள் தமிழ்ச்செல்விக்கு அப்பா விருமாண்டி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். முப்பது நாளாக நீ போனை எடுக்காததால் உன் நலம் தெரியவில்லை. என் நலம் எழுதும்படியாக இல்லை.

அம்மா முகத்தைக்கூட நீ பார்க்குமுன் எடுத்துவிட்டோம் என்று உனக்குக் கோபம். ஐஸ் பெட்டி பழுது என்று உன் தாய்மாமன் சுருளி சொன்னான். பழுதாக்கியவன் நான்தான்.

கரியை முடியைவிட மெல்லிய குழாய்களாக்கி, காகிதக் கனத்தில் செய்த ஹீட்டர், செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போனால் பேட்டரி விறைக்காமல் இருக்கப் போர்த்துவது என்று சொல்லி, உன் வேலையிடத்தில் கழித்துப்போட்ட துண்டு ஒன்றைத் துணியில் தைத்து, பவர் பேங்கோடு அம்மாவின் கால் குளிருக்குக் கொண்டுவந்து கொடுத்தாயே, அதனால் வந்த வினை. சித்திரை வெயிலில் ஊரே நுங்கு தேடி அலையும்போது காலுக்கு ஹீட்டர் போட்டுக்கொண்டு, ஃபேனை இரண்டுக்கு மேல் வைத்தால் சண்டைக்கு வருகிறவள் அவள். அவளைக் காலையிலேயே வாடகைக்கு விடும் சின்னான் கொண்டுவந்த ஐஸ் பெட்டியில் படுக்கவைத்துக் கண்ணாடியை மூடினால் எனக்கு எப்படி இருக்கும்? நீயோ போன் கொண்டுபோகக்கூடாத சோதனை அறைக்குள் இருந்தாய். மறுநாள்தான் நீ வரமுடியும் என்று உன் ஆபீசில் சொன்னார்கள். அதுவரை குளிரில் கிடப்பாளா? மாலை போடுகிற சாக்கில் ஹீட்டரைப் பவர் பேங்கோடு அவள் பாதத்துக்கடியில் செருகிவிட்டேன். மத்தியானம் கண்ணாடி வேர்த்தது. "பெட்டி குளுரலண்ணே, வேற பெட்டியும் கைவசம் இல்ல" என்று சின்னான் கையைப் பிசைந்தான். "இம்புட்டு வெக்கையில விடியிற வரைக்கும் தாங்காது மாப்ள, எடுத்துருவோம்" என்றான் சுருளி. ஹீட்டரை உருவியிருக்கலாம். வந்திருந்த சனம் சிரிக்குமே என்று வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த வெட்கத்துக்காக உன் அம்மா முகத்தை உனக்கு இல்லாமல் செய்துவிட்டேன் தாயி.

ஒரே ஆறுதல், நீ செய்த சூட்டில் அவள் கதகதப்பாகப் போனாள். மன்னிக்க மனமில்லாவிட்டால் திட்டவாவது போன் செய். பாண்டிமுனி சாமி உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா.

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் சின்னான் வந்தான். பெட்டியை மெக்கானிக் பிரித்தபோது கிடைத்தது என்று ஹீட்டரைக் கொடுத்தான். "காலையில பூரா நல்லாத்தேன் குளுந்திருக்குண்ணே, மத்தியானந்தேன் கம்ப்ரசர் போயிருச்சு. மன்னிச்சுருங்க" என்றான். என் பாவத்தைச் சொன்னேன். பவர் பேங்கில் ஏதோ பொத்தானை அமுக்கினான். நாலு விளக்கும் எரிந்தன. "சார்ஜு அப்புடியே இருக்கு, இதப் போடவே இல்லையேண்ணே" என்றான். பொத்தான் இருப்பதே எனக்குத் தெரியாது; எப்போதும் அம்மாவே அமுக்கிக்கொள்வாள். ஆகவே என்மேல் குற்றமில்லை, நீ மன்னிக்கவும் ஒன்றுமில்லை. ஆனால் காலை முழுக்க அவள் குளிரில்தான் கிடந்திருக்கிறாள், தமிழு.