அப்பாவின் நாக்கும் தாடிக்கிழங்கும்

மரியாதைக்கும் காய்கறிக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் அக்கா மகள், அடக்கமே உருவானவள் (சிரிக்க வேண்டாம்), நலமாக இருக்கிறேன். தாங்களும் தங்கள் காய்கறிக் கடையும் நலம்தானே? நிற்க. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து படியுங்கள், விஷயம் பெரியது. போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

போன வாரம் நீங்கள் அனுப்பிய பெட்டியின் அடியில், மண்டையெல்லாம் மரு, முகமெல்லாம் தாடி என்று மூன்று பந்து கிடந்ததே! அம்மாதான், "செலரிக்கிழங்குடி அது, செலரித்தண்டு இருக்கில்ல, அதோட அடிப்பக்கம்"னாங்க. செலவில்லாம வந்த கிழங்குக்கு நல்ல பேருதான்னு விட்டுட்டேன். அன்னிக்குன்னு பாத்து டாக்டர் அப்பாகிட்ட, "நாள் பூரா ஆலையில சிப்ஸ் ருசி பாக்கறீங்க, வீட்டுலயாவது உருளைக்கிழங்கை விடுங்க"ன்னுட்டாரு. அப்பா கேப்பாரா? "உருளை இல்லாத தட்டு தட்டே இல்ல, மூடி!"ன்னாரு. எனக்குக் கை அரிச்சுது மாமா. தாடியை வழிச்சு, தோலைத் தடிமனா சீவி, கறுத்துப்போகாம எலுமிச்சைத் தண்ணியில போட்டு, அரை வேக்காடா எடுத்து, வெண்ணெய் மிளகு உப்பு பிரட்டி, ஓவன்ல முறுக விட்டேன். வீடே மணக்குது! வெளிய மொறுமொறு, உள்ள பஞ்சு, கடைசியில லேசா ஒரு இனிப்பு. நானே நாலு துண்டு முழுங்கிட்டேன். மிச்சத்தை, "இந்தாங்கப்பா, உருளைக்கிழங்கு, டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க"ன்னு நீட்டினேன்.

அப்பா யாரு? ருசி பாக்கறதுக்கே சம்பளம் வாங்குறவர். வாயில போட்டா எந்த வயல், எந்த மாசம்னு சொல்வேன்னு மார்தட்டறவர். அவர் கண்ணை மூடி மென்னு, "அடடா! மலையடிவாரத்து உருளை. புது அறுவடை!"ங்கறாரு. நான் குளியலறைக்கு ஓடி, டவலை வாயில அடைச்சுக்கிட்டு சிரிச்சேன். மூணு நாள் அதையே வச்சேன், மூணு நாளும் மலையடிவாரம்தான்!

நேத்துதான் சிரிப்பு நின்னுச்சு. "மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்மா. ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றாரு. பிடிச்சா இந்த உருளையில நூறு மூட்டை வாங்கப்போறாங்க"ன்னாரு அப்பா. யோசிச்சுப் பாருங்க மாமா. மேனேஜர் ஒரு வாய் வச்சதும், "இது உருளையே இல்லையே"ம்பாரு. உருளை எதுன்னே தெரியாத நாக்குக்கு எவன் சம்பளம் குடுப்பான்? என் குறும்பால அப்பாவுக்கு வேலையே போயிடும்! அவர் மேனேஜர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கறதை என்னால பாக்க முடியாது. அதனால சனிக்கிழமைக்குள்ள அசல் மலையடிவாரத்து உருளை ஒரு மூட்டை எப்படியாவது கொண்டு வந்துடுங்க. நீங்க வரலைன்னா நானே உண்மையைச் சொல்லிடுவேன். திட்டு விழட்டும், பரவால்ல.

அத்தைக்கு அன்பும், தராசுக்கு நேர்மையும், தங்களுக்கு நீண்ட ஆயுளும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள, பயந்துபோன,
வாலு

பி.கு.: மச்சான், இது நான்தான், இவ அப்பா. தபால்ல போடச் சொல்லி கவரை என்கிட்டயே குடுத்தா, கெட்டிக்காரி. ஒட்ட மறந்துட்டா. முதல் வாயிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அந்த வாசனை உருளைக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. கண்டுபிடிச்சேன்னு சொன்னா மறுநாள் சமைப்பாளா? மேனேஜரும் வரப்போறதில்ல, மூட்டையும் இல்ல, சும்மா பதிலுக்கு ஒரு பொய் விட்டுப் பாத்தேன். என் வேலைக்காக இந்த வாலு இவ்வளவு கலங்கும்னு நினைக்கவே இல்லடா. மனசு கேக்கல, சொல்லிடத்தான் போறேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சதும். நீ உருளையெல்லாம் கொண்டு வராத. தாடிக்காரங்க இன்னும் நாலு பேரை அனுப்பி வை.