அகீலா மிஸ்ஸின் கையளவு

"பிடி பெரிசாம்."

வெள்ளவத்தைத் தொடர்மாடியின் வாசலில் நின்று செக்யூரிட்டி சுந்தரலிங்கம் கத்தியை நீட்டினார். ஞானசம்பந்தம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாலாம் மாடி அகீலா மிஸ்ஸின் வலக்கையைத் தாளில் வைத்து, விரல் விரலாக வரைந்து, அந்த அளவுக்கே முதிரைப் பலகையில் பிடி போட்டவன் அவன்.

"அவவின்ர கையைத்தானே அளந்தனான்?"

"எனக்கென்ன தெரியும், தம்பி? வெளியாக்கள் மேல போகேலாது. சொல்லச் சொன்னதைச் சொல்லுறன்."

போன் அடித்தான். அவள் எடுக்கவில்லை.

துறைமுகப் பட்டறையில் ஆட்குறைப்பு நடந்தபோது வெளியே தள்ளப்பட்டவன். கையில் கிடைத்த காசையெல்லாம் கொட்டாஞ்சேனையில் உலையாகவும் சாணைக்கல்லாகவும் ஆக்கிவிட்டான். நாடு கிடக்கிற கிடையில் முற்பணம் கேட்டால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அதனால்தான், 'பாவிச்சுப் பாருங்கோ, பிடிச்சா வாங்குங்கோ' என்று கொடுத்தான். இந்தக் கத்தி பிடித்துவிட்டால் கட்டடத்தின் இருபத்துநாலு வீடும் பின்னால் வரும். பிடிக்காவிட்டால் புறக்கோட்டையில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

பிடியைச் சீவிக் கொடுத்தான்.

அடுத்த கிழமை, "பிடி காணாதாம். கையில நிக்குதில்லையாம்."

"பெரிசு எண்டதும் அவதானே!"

புதுப் பிடி போட்டான்.

"அலகு நீளமாம்."

வெட்டிக் குறைத்தான்.

"இப்ப மீன் தலை பிளக்கேலாதாம்."

உலைக்குக் கரி வாங்கச் சைக்கிளை விற்று, தடித்த அலகாகப் புதிதாகவே அடித்து, பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தான்.

"வெங்காயம் நசியுதாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு சாணை பிடித்தான். அடுத்த கிழமை சுந்தரலிங்கம் திரும்பவும் கத்தியை நீட்டினார்.

"பிடியின்ர வளைவை மற்றப் பக்கம் மாத்தட்டாம். இடக்கையாம்."

ஞானசம்பந்தம் வெடித்தான். "இடக்கையோ! ரெண்டு மாசத்தில மனுசிக்குக் கையே மாறிப் போச்சோ? தையல்காரன் தைச்ச சட்டையை இப்பிடி ஓசியில போட்டுத் திரிவாவோ? இரும்படிக்கிறவன் எண்டா அவ்வளவு இளக்காரம்! என்ர சோத்தில மண்ணள்ளிப் போட்டுட்டு மேல ஏசி போட்டுப் படுத்திருக்கிறா! கூப்பிடுங்கோ அவவை, முகத்தைப் பார்த்துக் கேக்கிறன்!"

சுந்தரலிங்கம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அவ முதல் கிழமையே கனடாவுக்குப் போயிட்டா, தம்பி, நாளுக்கு நூறு ரூபா எண்டு நான்தான் உந்தக் கத்தியை வீடு வீடா வாடகைக்கு விடுறன், இடக்கைக்காரர் ஆறாம் மாடி, நீங்க கோவிக்காம இன்னும் நாலு அடிச்சுத் தாங்கோ, ஞாயிற்றுக்கிழமையில இந்த ஒண்டுக்குச் சண்டை பிடிக்குதுகள்."