கழுத்துப் பட்டியில் ஒரு சிவப்பு இரண்டு

"அம்மா, தொடாதேங்கோ! அது ஆமிச் சாமான்."

சிவகலா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். "உள்பக்கத்தை ஒருக்காப் பாப்பமெண்டுதான்."

"உங்களுக்கு விளங்காது. நஞ்சுவாயு அடிச்சா ஆமிக்காரர் போடுற ஜக்கெட். உள்ளுக்க முழுக்கக் கரித் துணி. நீங்கள் போய் ரோல்ஸைப் பொரியுங்கோ, எங்கட சங்கத் தலைவர் வரப்போறார்."

ஜெனுசனுக்கு அன்று கால் நிலத்தில் படவில்லை. சுவிஸின் பீல் நகரத்துப் பழைய படைச்சாமான் சேகரிப்போர் சங்கத்தில் நாற்பது பேர். தமிழன் அவன் ஒருவன்தான். மூன்று வருடமாக அவனுக்குக் கிடைத்த பெரிய பொறுப்பு, கூட்டம் முடிந்ததும் கதிரை அடுக்குவது. இப்போது அவன் பழஞ்சந்தையில் வாங்கிய ஜக்கெட் சங்கக் கண்காட்சியில் தொங்கப்போகிறது, கீழே பலகையில் அவன் பெயரோடு. சும்மாவா?

எல்லாம் அந்த '2' செய்த வேலை. தையல் விட்டிருந்த கழுத்துப் பட்டிக்குள், சிவப்பு நூலில், வால் கொஞ்சம் நீண்ட ஒரு '2'. சங்கத்திலிருந்த வேறெந்த ஜக்கெட்டிலும் அது இல்லை. 'பாதுகாப்பு வகுப்பு இரண்டு' என்று இணையக் குழுவில் எழுதினான்.

'அப்படியொரு வகுப்பே கிடையாது' என்று எழுதினார் தலைவர் ஸ்டுக்கி. இதே ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு இருபது வருடம் நஞ்சுவாயுத் தடுப்புப் படையில் இருந்த மனுசன்.

விட்டுக்கொடுக்க மனம் வருமா? 'அப்படியென்றால் இது ஏதோ இரகசியப் பிரிவினுடையது' என்றான். 'ஆதாரம்?' என்றார் அவர்.

ஆதாரம் தேடித் தடவியதில், '2'க்குக் கீழே ஒரு விரல் மட்டும் போகக்கூடிய மறைவுப் பை அகப்பட்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ தூள். 'பரிசோதனை நஞ்சின் மிச்சம்' என்று படத்தோடு போட்டான். குழு கொதித்தெழுந்தது. ஸ்டுக்கி ஒரே வரி எழுதினார்: 'எதையும் தொடாதே. சனிக்கிழமை வந்து பார்த்துக் கண்காட்சிக்கு எடுக்கிறேன்.'

வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ரப்பர் கையுறையையும் முகமூடியையும் மாட்டிக்கொண்டு மேசைமேல் குனிந்தார்.

"இது உண்மையென்றால் தலைநகர் பேர்ண் வரைக்கும் போகும். கட்டுக்கதையென்றால், மன்னித்துக்கொள், உன்னைச் சங்கத்தில் வைத்திருக்க முடியாது. உன்னை நம்பி எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்."

ஜெனுசனுக்குக் கதிரை அடுக்குகிற வேலைகூட இனி இல்லையா!

அப்போது சிவகலா ரோல்ஸ் தட்டோடு வந்தாள். ஜக்கெட்டைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டுப் பட்டியைப் புரட்டினாள். நேரே மறைவுப் பைக்குள் விரலை விட்டாள்.

"நைன், வேண்டாம்!" என்று ஸ்டுக்கி அலறினார்.

"அம்மா! நஞ்சு!"

அவள் தூளை நெற்றியில் பூசிக்கொண்டு, மிச்சத்தை மகன் நெற்றியிலும் இழுத்துவிட்டாள். ஸ்டுக்கி பின்னால் பாய்ந்து கதவில் முட்டினார்.

"நல்லூர் விபூதியடா. கரி பட்டு நிறம் மாறிப்போச்சு."

"ரெண்டெண்டு போட்டிருக்கே?"

"ரெண்டோ? பிள்ளையார் சுழியடா, மடையா! நீ பிறக்க முந்தித் இஞ்ச தையல் பக்டரியில வேலை செய்தனான். சுவிஸ் ஆமிக்கு நாங்கள்தான் தைச்சுக் குடுத்தது. சுழி போடாமல் ஒரு வேலை தொடங்குவமோ? போடுற பிள்ளையளுக்கு ஒண்டும் வரக்கூடாதெண்டு விபூதியும் வைச்சனான்."

தையல் பக்டரி! அவன் ஒரு நாளாவது கேட்டிருக்கிறானா? வெட்கம் ஒரு பக்கம் பிடுங்க, அதைவிடப் பெரிதாக நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னான். "என் அம்மா" என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னான்.

ஸ்டுக்கி முகமூடியைக் கழற்றினார். கையுறையையும் உருவினார்.

"பலகையில் உன் பெயர் வராது. அம்மாவின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதித் தா." பிறகு கொஞ்சம் தயங்கினார். "இந்த ஒன்றில் மட்டும்தானே செய்தார்? கேள்."

அவர் இருபது வருடம் இதே ஜக்கெட்டைப் போட்டவர் என்பதையும் சொல்லிக் கேட்டான். சிவகலா அவருக்கு ஒரு ரோல்ஸை எடுத்து நீட்டினாள்.

"எல்லாத்திலயும்தான். இதில தையல் விட்டதால வெளியில தெரியுது. இருபது வருசமும் அவருக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே, கேட்டுப் பார்!"