மஞ்சள் மீனும் மாப்பிள்ளை வீட்டாரும்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு நாங்கள் குடிக்க என்ன கொடுத்தோம் என்பதை, இரண்டு குடும்பங்களுக்கு வெளியே இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மானம் போய்விடுமே என்ற பயம்தான். (போவதற்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன்.)

அப்போது வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பகலெல்லாம் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஷேட் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'இது பையர் கேட்ட நீலம் இல்லீங்க' என்று டையிங்காரர்களோடு மல்லுக்கு நிற்பேன். சாயங்காலம் அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஹாலில் இருந்த மீன் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்துப் பட்டறையில் பாத்திரம் தட்டும் சத்தம் டங் டங்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். என் காதில் விழாது.

தொட்டி நிறையப் பச்சைச் செடிகள், பாசி படர்ந்த ஒரு மரக்கட்டை, கூட்டமாகத் திரியும் நியான் டெட்ராக்கள். நடுவே ராஜாவும் ராணியுமாக ஒரு ஜோடி குள்ள சிச்லிட் மீன்கள். சுண்டு விரல் நீளம்கூட இருக்காது. பெயர் மட்டும் அபிஸ்டோகிராமா. (அப்பா அதை 'அப்பாவிகிராமம்' என்பார். ஏதோ ஊர்ப் பெயர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்.)

அந்த ஜோடியைக் குஞ்சு பொரிக்க வைப்பதுதான் அன்றைக்கு என் வாழ்க்கை லட்சியம். அதற்குக் குறுக்கே நின்றது எங்கள் போர் தண்ணீர். பக்கெட்டிலேயே உப்பு வெள்ளையாகப் படிகிற ரகம். இந்த மீனுக்கோ மழைத்தண்ணீர் மாதிரி மென்மையான தண்ணீர் வேண்டும். தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சிக்குள் ராணி முட்டை வைப்பாள். முட்டையில் பூஞ்சை பிடித்துவிடும். ஒவ்வொரு தடவையும் இதே கதை. கடைசியில் ஃபில்டர் தண்ணீருக்கு மாறினேன். காய்ந்து உதிர்ந்த வாதுமை இலைகளைப் பொறுக்கி வந்து கொதிக்கவைத்து, அந்தப் பழுப்புச் சாற்றை வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டேன். தினமும் கொஞ்சம் தொட்டியில் கலப்பேன். மீனுக்கு நல்லதாம்.

"எனக்குச் சளி புடிச்சப்ப ஒரு டம்ளர் சுக்குத்தண்ணி வெச்சுக் குடுத்திருப்பியா நீயி? மீனுக்குக் கசாயம் காச்சறா பாரு!" என்பாள் அம்மா.

மடத்துக்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கொட்டாங்குச்சியிலிருந்து ராணி வெளியே வந்தாள். மஞ்சள் பூசிக் குளித்தவள் போல உடம்பெல்லாம் மஞ்சள். அவளுக்குப் பின்னால் தூசி மாதிரி ஏதோ அசைந்தது. கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். குஞ்சுகள்! பாதி கட்டிய பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "அழுவாத கண்ணு. மடத்துக்குளம் என்ன சீமையிலயா இருக்குது? நெனச்சா பஸ் ஏறி வந்துரலாம்."

வந்தவர்கள் மூன்றே பேர். மாப்பிள்ளை செந்தில், அவருடைய அப்பா, அம்மா. உட்கார வைத்தது தொட்டிக்குப் பக்கத்து சோபாவில். வெயிலில் வந்தவர்களுக்கு முதலில் நன்னாரி சர்பத். அதைக் கலக்குகிற பொறுப்பு, உதவிக்கு வந்திருந்த சித்தியுடையது. அதைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து, முறுக்கும் காபியுமாக நான் குனிந்த தலையோடு ஹாலுக்குள் வந்தேன்.

தலை குனிந்தது அத்தோடு சரி. மாப்பிள்ளையின் அப்பா தொட்டிக் கண்ணாடியை விரலால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தார்.

"தட்டாதீங்க! தின்னுப்போடுவா!"

அவர் விரல் அந்தரத்தில் நின்றது. "ஆருங் கண்ணு?"

"அம்மாக்காரிதானுங்க! பயந்துட்டா பெத்த குஞ்சையே தின்னுப்போடுவா!"

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகத் திரும்பி என் அம்மாவைப் பார்த்தார். என் அம்மா அவசரமாக, "மீனுங்க... மீனைச் சொல்றாளுங்க" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனுஷர். பேச்சை மாற்றக் கையிலிருந்த டம்ளரைத் தூக்கினார். "சர்பத் அருமைங்க. கொஞ்சம் தொவர்ப்பு, ஆனா நல்ல வாசம். ஊட்ல போட்டதுங்களா?"

கண்ணாடி டம்ளரின் அடியில் இன்னும் ஒரு வாய் இருந்தது. நான் தினமும் ஷேட் கார்டு பார்க்கிறவள். அது நன்னாரியின் நிறமில்லை.

காபித் தட்டை அப்பா கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினேன். ஃபிரிட்ஜில் நன்னாரி பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது.

"சித்தி, எந்தப் பாட்டிலுங்க எடுத்தீங்க?"

"முன்னால இருந்துச்சே, அதுதான். இனிப்பே இல்ல கண்ணு. சக்கரை அள்ளிப் போட்டு எலுமிச்சம்பழம் புழிஞ்சேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். கெட்டிக்காரி எவளும் அதைத்தான் செய்திருப்பாள். நான் நேரே ஹாலுக்குப் போய், "அது மீனுக்குக் காச்சி வெச்சதுங்க" என்றேன்.

பட்டறைச் சத்தம் அன்றைக்குத்தான் எனக்கு அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. அத்தோடாவது நிறுத்தினேனா?

"வெசமெல்லாம் இல்லீங்க. இதுவரைக்கும் ஒரு மீனும் சாகலைங்க."

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை டீப்பாயின் கடைசி ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். அப்பா காபித் தட்டோடு சிலையாக நின்றார். அதுவரை தரை டைல்ஸையே பார்த்துக்கொண்டிருந்த செந்தில் அப்போதுதான் தலை நிமிர்ந்தார். அவர் டம்ளர் காலி. தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மீனுக்கு மிச்சம் இருக்குதுங்களா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கவலையாகக் கேட்டார். அவருடைய அப்பாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்து புரையேறிவிட்டது. அவருடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு அம்மா சாப்பிடவில்லை. சித்தி எல்லோரிடமும் பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டாததுதான் குற்றம் என்று வாதாடிக்கொண்டிருந்தார். சாயங்காலம் அப்பாவின் போன் அடித்தது. மாப்பிள்ளையின் நம்பர். "ஆஸ்பத்திரியில சேத்திட்டாங்களோ என்னமோ" என்று புலம்பிக்கொண்டே எடுத்த அப்பா, கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"உனக்குத்தான். குஞ்சுக எப்படி இருக்குதுன்னு கேக்கறாரு."

ராணி குஞ்சுகளையெல்லாம் பாசிக்குள் ஓட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று சொன்னேன். ராஜாவைக்கூடப் பக்கத்தில் விடாமல் கடித்துத் துரத்துகிறாள் என்றேன். "ஐயோ பாவமுங்க" என்றார். பேச்சு நீண்டது. போனில் சார்ஜ் இறங்க, அப்பா சார்ஜர் ஒயரைக் கொண்டுவந்து சொருகிவிட்டுச் சத்தமில்லாமல் போனார். அந்த ஆவணியிலேயே கல்யாணம்.

அனுப்பர்பாளையம் வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். ராணியின் பேரன் பேத்திகள் யார் யார் வீட்டுத் தொட்டிகளிலோ இருந்து மறைந்துவிட்டார்கள். செந்திலின் அந்த ஒரு கேள்வி மட்டும் எங்கள் குடும்பத்தில் அப்படியே இருக்கிறது. நான் எதைக் கலந்து நீட்டினாலும், மோரோ டீயோ, யாராவது ஒருவர் அதைக் கேட்காமல் வாங்குவதில்லை.

போன மழைக்காலத்தில் மாமனாருக்குக் கடுமையான காய்ச்சல். யாரோடும் பேசாமல், கண் திறக்காமல் கிடந்தார். வீடே பயந்து போயிருந்தது. நிலவேம்புக் கசாயம் காய்ச்சி எடுத்துக்கொண்டு போய், "மாமா, கொஞ்சம் குடிச்சுக்கோங்க" என்றேன். மெல்லக் கண் திறந்தார். டம்ளரைப் பார்த்தார்.

"மீனுக்கு... மிச்சம் இருக்குதா கண்ணு?"

மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கையிலிருந்து டம்ளரை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து நன்றாகப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் அவருக்குக் கொடுத்தார்.