கீரி செங்கோடன் ஒப்பந்தமான கதை

ஒரு காட்டில் சிங்கத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. தென்கரைக் கால்பந்துக் கழகத்தின் தலைவரான யானைக்குத்தான் எல்லாரும் வழிவிடுவார்கள்.

அந்தக் காட்டில் செங்கோடன் என்றொரு கீரி இருந்தது. ஆற்றுமணலில் விளாங்காயை உருட்டிக்கொண்டு ஓடினால் நான்கு நாய்கள் சேர்ந்தாலும் பிடுங்க முடியாது. கழகத்துக்கு ஆள் தேடும் மரங்கொத்தி இதை மூன்று நாள் பார்த்தது. பார்த்ததையெல்லாம் மரப்பட்டையில் கொத்திக் குறித்துக்கொண்டது.

நான்காம் நாள் இறங்கி வந்து, "தம்பி, வடகரை அணிக்காரன் யாராவது உன்கிட்ட பேசினானா?" என்று கேட்டது.

"நேத்து ஒரு நாரை வந்து விசாரிச்சுதுங்க."

மரங்கொத்திக்குப் படபடத்துவிட்டது. "உடனே கிளம்பு!"

கழக அலுவலகத்தில் வரிசையில் நிற்கவைத்தார்கள். படிவம் நான்கு பிரதி. உடல் பரிசோதனைக்கு டாக்டர் கொக்கு வந்தார்.

"இதுவரைக்கும் எத்தனை பாம்பு கடிச்சிருக்கு?"

"பதினொண்ணு."

அதை நோய் என்று எழுதுவதா, தகுதி என்று எழுதுவதா என டாக்டர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "உயிரோடு இருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருட ஒப்பந்தம். யானை மாலை போட்டது. பத்தாம் எண் சட்டையைப் பிடித்தபடி செங்கோடன் நிற்கும் படம் காட்டிலிருந்த எல்லா செல்போனுக்கும் போனது. அதன் மனைவி பவளக்கொடி அந்தப் படத்தைப் பொந்தின் வாசலில் ஒட்டிவைத்தாள்.

முதல் ஆட்டத்தில் செங்கோடனைப் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இரண்டாவது ஆட்டத்திலும் அப்படியே. ஏழாவது ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் பவளக்கொடி கேட்டாள்:

"இன்னைக்காவது எறங்குனீங்களா?"

"தண்ணி பாட்டில் கொண்டுபோய்க் குடுக்க எறங்குனேன்."

முன்வரிசையில் ஆடியது காட்டுப்பன்றி. பந்து இடப்பக்கம் வந்தால் வலப்பக்கம் ஓடும். ஆனால் அது தலைவரின் மச்சினன். யானைக்குப் பன்றி எப்படி மச்சினன் ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் செங்கோடன் பயிற்சியாளர் காட்டெருமையிடம் போனது.

"மாஸ்டர், என்னை எப்ப ஆட விடுவீங்க?"

எருமை உண்மையாகவே ஆச்சரியப்பட்டது. "ஆடவா? உன்னை ஆடுறதுக்கு எடுத்தோம்னு யாருப்பா சொன்னது? வடகரைக்காரன் எடுத்துடக் கூடாதுன்னு எடுத்தோம்."

"அப்படின்னா என்னை விட்டுடுங்க."

"விட்டா அவன் எடுத்துடுவானே!"

"வேற எந்தக் காட்டுக்காவது இரவலா அனுப்புங்களேன்."

"அனுப்பலாம். அங்க நீ நல்லா ஆடிட்டா நம்ம மானம் போயிடும். பேசாம உட்காரு."

செங்கோடன் உட்கார்ந்தது. விளாங்காயைக் கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு மனம் வெறுத்துப்போனது.

வருடக் கடைசியில் வடகரையோடு இறுதிப் போட்டி. இரு பக்கமும் கோல் இல்லை. ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கையில் பன்றியின் குளம்பில் கருவேல முள் ஏறியது. பெஞ்சில் வேறு ஆள் இல்லை. எருமை நான்கு திசையும் பார்த்துவிட்டு, "போய்த் தொலை" என்றது.

கோடு தாண்டும்போது செங்கோடன் கணக்காக ஒரு முடிவு எடுத்தது. மட்டமாக ஆட வேண்டும், பந்தை மூன்று தடவை கோட்டை விட வேண்டும். இவனால் ஆபத்தில்லை என்று இவர்களே விரட்டிவிடுவார்கள்.

நல்ல யோசனைதான். ஆனால் பந்து காலுக்கு வந்துவிட்டது. ஒரு வருடமாகத் தொடாத பந்து. செங்கோடனுக்கு யோசனை, ஒப்பந்தம், பெஞ்சு எதுவும் ஞாபகமில்லை. ஒரு கரடியின் கால்களுக்கு நடுவே புகுந்து, இரண்டு மான்களைச் சுற்றி, வலைக்குள் அடித்துவிட்டுத்தான் நின்றது. கூட்டம் கத்திய கத்தலில் குளத்து வாத்தெல்லாம் பறந்தன. பவளக்கொடி மரத்தின் மேல் ஏறிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை யானை ஆள் அனுப்பிக் கூப்பிட்டது. புது ஒப்பந்தம் தயாராக இருந்தது. எட்டு வருடம்.

"அப்ப இனிமே நான் ஆடலாமுங்களா?" என்று செங்கோடன் கேட்டது.

"என்ன பேச்சுப் பேசுறே!" என்றது யானை. "இப்படிப்பட்ட ஆளைக் கல்லும் முள்ளும் கிடக்கிற மைதானத்துல இறக்கி, அடிகிடி பட்டா யார் பதில் சொல்றது? உனக்குன்னு மெத்தை வெச்ச நாற்காலி செய்யச் சொல்லிட்டேன். மழைக்குக் கூரைகூட உண்டு."

நீதி: திறமையை ஒளித்துவைக்காதீர்கள்; அதை முழுசாகக் காட்டினால்தான் உட்கார நல்ல இடம் கிடைக்கும்.