பாத்தியா டாக்டரும் ஓர் அட்டைக்கடியும்

“நீ பாத்தியா, இல்ல நெனச்சியா?”

நர்சாகச் சேர்ந்த முதல் நாளே டாக்டர் என்னிடம் இப்படிக் கேட்டார். “பெஞ்சுல இருக்கிறவரு தூங்குறாரு சார்” என்று நான் சொன்னதற்கு! எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகுதான் தெரிந்தது, கண்ணாடியில் பார்க்காமல் தன் மூக்கையே நம்பாத மனிதர் அவர். போடியில் அவருக்குப் பெயரே ‘பாத்தியா டாக்டர்’.

ராசிங்காபுரத்து விவசாயி ஒருவர், “பப்பாளி தின்னேன், சூடு ஏறிக் காய்ச்சல் வந்திருச்சு” என்றார். டாக்டர் உடனே ஒரு பப்பாளி வாங்கிவரச் சொல்லி, பாதியைத் தின்றுவிட்டு, வாயில் தெர்மாமீட்டருடன் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் வரவில்லை. “ஒரு ஆளு போதாது” என்று மீதியை வரிசையில் இருந்தவர்களுக்குப் பங்கு வைத்தார். பல்வலிக்கு வந்தவர்கூடத் தப்பவில்லை.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு செல்லக் கொள்கை உண்டு. மலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கினால் ஓடைத் தண்ணீர்தான் காரணம்; டைபாய்டு. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் என் அம்மா போன மாதம் அப்படித்தான் இறங்கினாள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தோம். நான்கு நாள் மருந்துக்கும் காய்ச்சல் அசையவில்லை. ஐந்தாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது.

அம்மாவுக்குச் சேலை மாற்றும்போது அவள் இடுப்பு மடிப்பில் ஒரு கறுத்த பொருக்கைப் பார்த்தேன். பீடியால் சுட்டதுபோல் இருந்தது.

“அட்டைக்கடிடி. அதப் போயி டாக்டர்ட்ட சொல்வாகளா?”

தோட்டத்தில் அட்டை கடிக்காத ஆளே கிடையாது. ஆனால் அட்டை கடித்தால் ரத்தம் நிற்காது, பிறகு அரித்துத் தள்ளும்.

“ரத்தம் வந்துச்சாம்மா? அரிச்சுச்சா?”

“ரெண்டும் இல்ல.”

ஓடினேன். “சார், அது டைபாய்டு இல்ல.”

“நெனச்சியா?”

“பாத்தேன்!” கத்தியேவிட்டேன்.

பூதக்கண்ணாடியோடு வந்து பார்த்தார். தான் எழுதிய சீட்டைத் தானே கிழித்தார். “உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடிச்ச எடந்தான் இப்படிக் கருகிப் பொருக்குத் தட்டும். நாலு நாளா என் நெனப்புக்கு வைத்தியம் பாத்திருக்கேன், உங்கம்மாவுக்குப் பாக்கல.” ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தை மாற்றினார்.

இரண்டே நாளில் அம்மா, “கஞ்சி ஆறிப்போச்சு. வெரசா சுட வச்சுக் கொண்டாடி!” என்று அதட்டினாள். வாசலில் போய் நின்று அழுதேன், சிரித்துக்கொண்டே. சோதனை முடிவும் உண்ணிக் காய்ச்சல் என்றே வந்தது.

அவளோடு காய் எடுத்த இரண்டு பேருக்கும் காய்ச்சல் என்று தகவல் வந்தது. மறுநாள் காலையே அவர்களைப் பார்க்கக் குரங்கணி ஜீப்பில் ஏறினேன். டாக்டருக்கு மலை ஜீப் என்றாலே குமட்டும். ஆனாலும் எனக்கு முன்பே முன்சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.